சிப்பிப்பாறை என்று வாங்கினோம், கிராஸ் என்கிறார்கள்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் என் மகன் விருதுநகர்ப் பக்கம் ஒருவரிடம் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பெட்டைக் குட்டி வாங்கி வந்தான். அசல் சிப்பிப்பாறை வேட்டை நாய் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். செவலை நிறம், ராணி என்று பேர் வைத்தோம். வளர வளரக் காது தொங்கி, கழுத்தும் நெஞ்சும் தடித்து, லேப்ரடார் (லேப்) நாய் மாதிரி ஆகிவிட்டது. பார்க்கிறவர்களெல்லாம் "இது கிராஸு" என்கிறார்கள். ஏமாந்த கோபத்தில் மகன் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. மாமியாரோ, கிராஸ் நாய்க்கு நோய் அண்டாது, ஊசியெல்லாம் வீண் செலவு, மீனும் சோறும் போதும் என்கிறார். குட்டியில் ஒரு ஊசி போட்டதோடு சரி. ஆனால் இரண்டு மாதமாக விடாமல் சொறிகிறது, காதை ஆட்டிக்கொண்டே இருக்கிறது, உண்ணியும் பிடித்திருக்கிறது. அவிழ்த்துவிட்டால் கடற்கரைக்கு ஓடிக் கிடைத்ததைத் தின்கிறது என்று இப்போது பகலெல்லாம் கட்டிப்போடுகிறோம். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் பந்து எடுக்க வந்தபோது காலைக் கவ்விவிட்டது. பல் பட்ட கீறல்தான், ரத்தம் வரவில்லை, மஞ்சள் வைத்துவிட்டோம். இதை வைத்திருக்கலாமா? குட்டி போட விடலாமா? ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்னதைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம். அந்தப் பையனை இன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அவன் அம்மாவிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால் நீங்களே கூடப் போங்கள். ரத்தம் வராவிட்டாலும் பல் பட்டுத் தோலில் கீறல் விழுந்திருந்தால் வெறிநோய்த் தடுப்பூசி வேண்டும் என்பதுதான் விதி. ரத்தம் வந்திருந்தால் அதோடு காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். ஒரு வாரம் போய்விட்டதே, இனிப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். தாமதமானாலும் போட வேண்டும். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. அவர்கள் சீட்டில் எழுதிக்கொடுக்கும் தேதிகளில் ஒன்றைக்கூட விடக் கூடாது.

மஞ்சள் வைத்ததில் பயன் ஒன்றும் இல்லை. நாய் கடித்தாலும் கீறினாலும் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. பதினைந்து நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் அந்த வேலையைச் செய்யாது.

ராணியைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அது வழக்கம்போலத் தின்று, குடித்து, குரைத்து நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று பொருள். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது அந்தப் பத்து நாள் முடிந்திருக்கலாம். அதற்காகக் காத்திருந்து பையனுக்கு ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும். நாய் நலமாக இருப்பதை மருத்துவரிடம் சொன்னால் மிச்ச ஊசியைப் பற்றி அவர் முடிவு செய்வார். அந்த நாட்களில் நாயை அடித்துவிடாதீர்கள், எங்கேயும் கொண்டுபோய் விடாதீர்கள். கண்முன்னால் இருந்தால்தான் விவரம் தெரியும்.

சரி, இனி ராணிக்கு வருவோம்.

உங்கள் மகனுக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. எட்டாயிரம் ரூபாய் சும்மா வராது. சிப்பிப்பாறை என்ற ஊர் விருதுநகர் மாவட்டத்தில் இருப்பதால், அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒல்லிக் குட்டி எல்லாவற்றுக்கும் அந்தப் பேரை வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றரை மாதக் குட்டியில் எந்த நாயும் மெலிந்த மூக்கும் நீண்ட காலுமாக இருந்தால் சிப்பிப்பாறைதான். ஆறு மாதம் போனால்தான் நெஞ்சுக்கூடும் இடுப்பும் உண்மையைச் சொல்லும். இன்னொரு விஷயம், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு இரண்டு தகப்பன் இருக்கலாம். பெட்டை சூட்டில் இருக்கும் நாட்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கடுவனோடு சேர்ந்தால் அப்படி ஆகும். விற்றவர் தாயை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மரபணு சோதனை செய்து பார்க்கலாமா என்று மகன் கேட்டால், வேண்டாம் என்பேன். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் வெளிநாட்டு இனங்களை வைத்துக் கட்டிய பட்டியல்களோடு ஒப்பிடுகின்றன. நம் ஊர் நாயைப் பற்றி அவை சொல்வதை நம்பிச் செலவழிக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் ஊசிக்கும் உண்ணி மருந்துக்கும் ஆகட்டும்.

இனம் தெரிந்தால் குணம் தெரியும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையே நடத்தையில் உள்ள வித்தியாசத்தில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். மிச்சம் அந்தந்த நாயின் தனி மரபு, வளர்ந்த விதம், இருக்கிற இடம். ராணி பையனைக் கவ்வியது சிப்பிப்பாறை ரத்தமா, லேப் ரத்தமா என்று யோசிப்பதைவிட, பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்த நாயின் எல்லைக்குள் ஒரு பிள்ளை திடீரென்று ஓடி வந்தது என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும்.

மாமியார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்து வந்த இனங்களில் சில பரம்பரை நோய்கள் கூடுதல். கலவையில் அவை குறையும். ஆனால் எல்லாம் குறைவதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2013-இல் வந்த ஆய்வில் 24 பரம்பரை நோய்களை எடுத்துப் பார்த்தார்கள். பத்து நோய்கள் தூய இனங்களில் அதிகம். பதின்மூன்றில் இரண்டு பக்கமும் வித்தியாசமே இல்லை. ஒன்று, முழங்கால் தசைநார் அறுந்துபோவது, கலப்பு நாய்களில்தான் அதிகம். இதெல்லாம் பரம்பரை நோய்களின் கணக்கு. வெறிநோய், ரத்தப் பேதியாக்கும் பார்வோ, நரம்பைத் தாக்கும் டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் இவை எதுவும் சாதி பார்த்து வருவதில்லை. கடற்கரையில் திடகாத்திரமாகத் திரியும் நாட்டு நாய்களைப் பார்த்துத்தான் நோய் அண்டாது என்கிறார்கள். நாம் பார்ப்பது பிழைத்த நாய்களை. மூன்று மாதத்துக்குள் ரத்தமாகப் பேதியாகிச் செத்துப்போன அதன் கூடப் பிறந்தவற்றை யாரும் எண்ணுவதில்லை.

அதனால் ஊசி விஷயத்தில் பேரமே வேண்டாம். குட்டியில் போட்ட ஒரே ஊசி என்ன ஊசி என்று தெரியாவிட்டால், எதுவும் போடாத நாய் என்றே வைத்துக்கொள்வோம். பத்து நாள் கண்காணிப்பு முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் பார்வோ, டிஸ்டெம்பர் போன்றவற்றுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து அதே கூட்டு ஊசி இன்னொரு முறை. பிறகு வருடந்தோறும். எலிக்காய்ச்சலுக்கான பாகம் கூட்டு ஊசியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீரில்தான் இந்த நாய்கள் நடக்கின்றன. அந்த நோய் மனிதருக்கும் வரும்.

ராணியின் தோலைப் பற்றி எழுதியதைப் படித்தவரை, அதன் தொல்லைக்குக் காரணம் கலப்பு இல்லை. உங்கள் ஊரின் உப்பும் மணலும் உண்ணியும்தான். இதை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடற்கரையில் இருக்கும் பாதி நாய்களுக்கு இதே கதைதான்.

நாய் எங்கே சொறிகிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள். வாலின் அடியிலும் முதுகின் பின்பக்கமும் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சி. காது ஓரம், முழங்கை, வயிற்றுப் பக்கம் பொருக்குத் தட்டி, கூடவே உங்கள் கையிலும் இடுப்பிலும் அரிக்க ஆரம்பித்தால் சொறிப்பூச்சி. பாதத்தை நக்கிக்கொண்டே, அக்குளும் காதின் உள்ளும் சிவந்திருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். ராணி காதை ஆட்டுகிறது என்று எழுதியிருப்பதால் எனக்குக் காதின் மேல்தான் சந்தேகம். தொங்கும் காதும் அடர்ந்த அடிமயிரும் லேப் பக்கத்திலிருந்து வந்தவை. கடலில் நனைந்து வரும்போது காதுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சைக் காளான் பிடிக்கும். உப்பு உடம்பில் காய்ந்தால் அரிக்கும், அரித்தால் நக்கும், நக்கினால் ஈரப் புண் வரும். கடலுக்குப் போய் வந்த அன்று நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி, காதையும் விரல் இடுக்கையும் பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துடைத்தாலே பாதி சரியாகும். நாற்றமோ பழுப்புக் கசிவோ இருந்தால் காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள், மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்குங்கள்.

இங்கே ஒரு கெட்ட வழக்கம் உண்டு. சொறி என்றதும் படகின் பழைய எஞ்சின் ஆயிலை எடுத்து உடம்பெல்லாம் பூசிவிடுவது. சிலர் மண்ணெண்ணெய், சிலர் மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கணக்கில்லாமல் கரைத்து ஊற்றுவது. நாய் தன் உடம்பை நக்கித்தான் சுத்தம் செய்யும். பூசியது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். தோல் வெந்து, வாந்தியெடுத்து, நடுக்கம் கண்டு வரும் நாய்களில் பலவற்றுக்குச் சொறியைவிட வைத்தியம்தான் பெரிய நோய். உங்கள் வீட்டில் யாராவது ஆயில் டப்பாவைத் தூக்கினால் தடுத்துவிடுங்கள்.

உண்ணிக்கு இப்போது நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. மாதம் ஒன்று கொடுப்பது, மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுப்பது என்று வகை உண்டு. எடையைப் பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பூச்சிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசி என்று யாராவது போட வந்தால், தகப்பன் என்ன இனம் என்று தெரியாது என்பதைச் சொல்லிவிடுங்கள். கோலி என்ற வெளிநாட்டு ஆடு மேய்க்கும் நாய் வகையின் ரத்தம் கலந்த நாய்கள் சிலவற்றுக்கு அந்த மருந்து மூளையில் ஏறி ஆளையே சாய்த்துவிடும். ராணிக்கு அந்த ரத்தம் இருக்க வாய்ப்புக் குறைவுதான், ஆனாலும் அளவு தெரிந்தவர் கையில்தான் போட வேண்டும்.

மாத்திரை கொடுத்துவிட்டு நாயை மட்டும் பார்த்தால் உண்ணி போகாது. வயிறு நிறைந்த பெட்டை உண்ணி நாயிடமிருந்து இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கூரை இடுக்கிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ராணி படுக்கும் சாக்கு, பக்கத்தில் குவித்திருக்கும் பழைய வலை, கட்டுமரத் துண்டு இவற்றையெல்லாம் வெயிலில் போட்டு, அந்த மூலையைச் சுத்தம் செய்யுங்கள். உடம்பில் இருப்பதைப் பிடுங்கினால் விரலால் நசுக்க வேண்டாம், கிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து இழுத்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுங்கள். மண்ணெண்ணெய்க்கு வேலை அங்கேதான். இரண்டு நாளாகத் தின்னவில்லை, உடம்பு கொதிக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி — இதில் எது தெரிந்தாலும் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு அன்றே கொண்டுபோக வேண்டும். சீக்கிரம் பிடித்தால் ஒரு மாத அளவு மாத்திரையில் பெரும்பாலும் தேறிவிடும்.

கடற்கரையில் கிடைத்ததைத் தின்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு இரண்டாவது பயம் இதுதான். கரைவலை இழுத்து முடித்ததும் விலைபோகாத சங்காய மீனோடு பேத்தை என்ற விஷ மீனையும் மணலில் வீசிவிட்டுப் போகிறார்கள். பேத்தை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நாய்க்கும் அதேதான். அதன் ஈரல், சினை, தோலில் இருக்கும் விஷம் வெந்தாலும் போகாது, காய்ந்தாலும் போகாது. தின்ற கொஞ்ச நேரத்தில் எச்சில் ஒழுகும், வாந்தி வரும், பின்னங்கால் இழுக்கும், அப்புறம் உடம்பு முழுக்கத் தளர்ந்து மூச்சு நின்றுபோகும். நினைவு மட்டும் இருக்கும். மாற்று மருந்து கிடையாது. மூச்சை ஓட்டிக்கொண்டிருந்தால் சில நாய்கள் பிழைக்கும், அவ்வளவுதான். வாயில் பேத்தையைக் கண்டால் நடை தள்ளாடும்வரை காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தியெடுக்க வைக்கவும் வேண்டாம், அது இன்னொரு விஷம். நேரே வண்டியில் ஏற்றுங்கள்.

அடுத்தது தூண்டில் முள். கணவாய்த் துண்டோ மீன் துண்டோ கோத்த முள்ளை நாய் விழுங்கிவிடும், வாயோரம் தூண்டில் நரம்பான தங்கூசி தொங்கும். அந்த நரம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே குடலை அறுத்துவிடும். ஒரு முழம் விட்டு வெட்டி, கழுத்துப் பட்டையில் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். மலத்துவாரத்தில் நரம்பு தெரிந்தாலும் இதே விதி. கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தியிருந்தால், உங்கள் கை தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை அரைமணி நேரம் வைத்தால் வலி அடங்கும், முள் ஒடிந்து உள்ளே இருந்தால் எடுக்க வேண்டும். கருவேல முள்ளும் அப்படித்தான். விரல் இடுக்கில் முனை ஒடிந்து நின்றால் இரண்டு நாளில் கட்டியாகும்.

ஓடி விளையாடும்போது அலைத் தண்ணீரை நக்கிக்கொண்டே இருக்கும் நாய்க்கு உப்பு ஏறிப் பேதியாகும். அளவு மீறினால் தள்ளாடி வலிப்பு வரும். கிளம்பும் முன் வீட்டில் வயிறு நிறைய நல்ல தண்ணீர் காட்டி, ஒரு பாட்டிலும் கையில் எடுத்துப்போங்கள். உங்கள் வீட்டுக் கிணறு உவர் என்றால், நீங்கள் குடிக்கும் தண்ணீரில்தான் அதற்கும் ஒரு சட்டி வைக்க வேண்டும். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் ஊரில் இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அளவு நாய்க்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான்.

மீனும் சோறும் போதுமா என்றால், ஏறக்குறைய போதும், செய்கிற விதத்தில் செய்தால். உங்களுக்கு வைக்கும் குழம்பை ஊற்றாதீர்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு. சூடை, நெத்திலி மாதிரி மீன்களைப் பச்சையாகத் தினமும் போட்டால் ஒரு வைட்டமின் சத்தை அந்த மீனில் உள்ள பொருளே அழித்துவிடும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. உப்புப் போடாமல் வேகவைத்து, முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். காரல் போன்ற முள் நிறைந்த மீனுக்குப் பொறுமை இல்லாவிட்டால் சதைப்பற்றான மீனாக எடுங்கள். ராணி இருபது கிலோ இருந்தால் நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் கலோரி தேவைப்படும். தோராயமாக நானூறு கிராம் சோறு, முந்நூறு கிராம் முள் நீக்கிய மீன், ஒரு முட்டை, ஒரு கரண்டி எண்ணெய், கொஞ்சம் பூசணி. இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். எலும்போ பாலோ சேராத இந்தச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து குறையும், அதற்கு மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கிறதே என்று இரக்கப்படாதீர்கள். 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்த லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததைச் சொல்லும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு விடுபட்டிருந்தது. அந்த நாய்க்குப் பசி தீராது. ராணிக்கும் அது வந்திருக்கிறதோ என்னவோ, பார்வையால் சொல்ல முடியாது. விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணில் துருத்தக் கூடாது. அந்த அளவில் நிறுத்துங்கள். முழங்கால் தசைநார் விஷயத்தை மேலே சொன்னேன் அல்லவா, எடை கூடினால் அதற்குத்தான் கேடு.

கட்டிப்போடுவதற்கு வருகிறேன். பகல் முழுக்க ஒரு முழச் சங்கிலியில் கிடக்கும் நாய் இன்னொரு முறையும் கவ்வும், அடுத்த முறை ரத்தம் வரும். அவிழ்த்துவிட்டால் பேத்தை, தூண்டில் முள். இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. முற்றத்தைச் சுற்றிப் பனைமட்டை வேலியை இடுப்புக்கு மேல் உயரமாக அடைத்துவிடுங்கள். பழைய வலையை வேலியாகக் கட்ட வேண்டாம், கால் மாட்டிக்கொள்ளும். வேலி அடைக்க முடியாதென்றால் இரண்டு கம்பத்துக்கு நடுவே தலைக்கு மேலே ஒரு கம்பி இழுத்து அதில் வளையம் போட்டு நீளக் கயிற்றைக் கட்டினால் முற்றம் முழுக்க நடமாடும். பனையோலைக் கொட்டகை போதும், தகரக் கூரை போட்டால் சித்திரையில் அடுப்புக்குள் வைத்த மாதிரி. பிள்ளைகள் வரும் பக்கம் நாய் எட்டாத அளவுக்குக் கயிறு இருக்கட்டும். பந்து உள்ளே விழுந்தால் பெரியவர்கள்தான் எடுத்துத் தர வேண்டும் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

காலை ஏழு மணிக்கு முன்னால் ஒரு நடை, மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு நடை, இரண்டும் கயிற்றோடு. உங்கள் மகனே கூட்டிக்கொண்டு போகட்டும். நாலு வாரம் தினமும் அதோடு நடந்த பிறகும் விட்டுவிடத்தான் வேண்டும் என்றால் அப்போது பேசுவோம். மணல் சூடா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது. வாய் பிளந்து மூச்சிரைத்துத் தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறிக்கொண்டே கொண்டுபோங்கள்.

கயிறு எதற்கு என்று மகன் கேட்டால் இன்னொரு காரணமும் சொல்லலாம். சிப்பிப்பாறை முயல் துரத்த வளர்த்த நாய். பாதி ரத்தம் இருந்தாலும் ஓடுவதைக் கண்டால் துரத்தும், கூப்பிட்டால் காது கேட்காது. தை முதல் பங்குனிவரை உங்கள் கரைகளில் சித்தாமை என்ற கடலாமை ஏறி முட்டையிடும் காலம். நாய்கள் மணலைத் தோண்டித் தின்றுவிடுகின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி முழுப் பாதுகாப்புப் பெற்ற உயிர் அது. மீன்பிடித் தடைக்காலத்திலும் கவனம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்பதால் கரையில் கழிவு மீன் குறைந்துவிடும். பசித்த தெரு நாய்கள் கூட்டமாகத் திரியும். ராணியை அவற்றுக்கு நடுவே விடக் கூடாது.

கொண்டுபோய் விட்டுவிடுவது பற்றி ஒரு வார்த்தை. வளர்த்த நாயைத் தெருவில் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். ஒருவரைக் கவ்விய நாயை, ஊசி போடாமல், வேறொரு ஊர்ப் பிள்ளைகள் நடுவே விட்டு வருவது சரியா என்று மகனே யோசிக்கட்டும். யாராவது கேட்டு வாங்கி வளர்க்க வந்தால் கொடுக்கலாம், கவ்விய கதையையும் மறைக்காமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். விற்றவரிடம் பணம் திரும்பக் கேட்பது தனி வழக்கு. அதற்கு ராணி பொறுப்பில்லை.

குட்டி போட விட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு ஈற்று விட்டால்தான் பெட்டைக்கு நல்லது என்று சொல்வார்கள், அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. ஆறேழு குட்டி பிறந்தால் யாருக்குக் கொடுப்பீர்கள்? சிப்பிப்பாறை என்று சொல்லி விற்கவா முடியும்? கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயது ஏறும்போது கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரும், மடிக்கட்டி வரும். தெரு நாயோடு சேர்ந்தால் பிறப்புறுப்பில் ரத்தம் ஒழுகும் ஒருவகைப் புற்றுக்கட்டி தொற்றிக்கொள்ளும். அது ஊசி மருந்தில் குணமாகக்கூடியதுதான், வாராவாரம் அலைய வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது தாய் சிப்பிப்பாறை வகையாக இருக்கலாம் என்று மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிரேஹவுண்டு போன்ற கொழுப்பில்லாத ஓட்ட நாய்களுக்குச் சிலவகை மயக்க மருந்து உடம்பைவிட்டு இறங்க வெகுநேரம் ஆகும். சிப்பிப்பாறைக்கும் அதே உடல்வாகு, அதனால் மருந்தை மாற்றியோ அளவைப் பார்த்தோ கொடுப்பார்கள். இனம் தெரிந்து பயன்படும் இடம் இதுதான். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் இல்லை, ரத்தத் தட்டணுக்கள் போதும் என்று உறுதியான பிறகே கத்தி வைக்க வேண்டும். சூட்டில் இருக்கும்போது செய்யக் கூடாது, சூடு அடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்து நல்லது. தடைக்காலத்தில் தேதி வாங்குங்கள், வீட்டுக்காரர் கரையில் இருப்பார். தையல் பிரிக்கும்வரை பத்துப் பதினான்கு நாள் நக்காமலும் கடல் தண்ணீர் படாமலும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் கூடுதலாக வேண்டும்.